பகடையின் சராசரி

எங்கள் ஆய்வகத்தில் எடைக்கற்களைக் கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டினாலே எடை கூடிவிடும். இடுக்கியால் எடுத்து, தராசுத் தட்டில் வைத்து, கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை யாரும் பேசக் கூடாது. வாயை மூடிக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதற்காகவே நான் இந்த வேலையில் சேர்ந்தேன். பதினோரு வருடம் ஆயிற்று.

கடைத் தராசு, மருந்துத் தராசு, நகைத் தராசு எல்லாம் எங்களிடம் வரும். சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுப்போம். எடை போடுவது நான். எழுதுவது நான். கீழே கையெழுத்துப் போடுவது மட்டும் மேடம். ஓர் ஆய்வகத்தில் ஒருவருக்குத்தான் அந்த அதிகாரம். மேடம் அடுத்த மாதம் தலைமையகத்துக்குப் போகிறார். போகும் முன் ஒருவரைப் பரிந்துரைக்க வேண்டும். தகுதி உள்ளவர்கள் இரண்டே பேர்.

ஒருவன் நான். இன்னொருத்தி புள்ளி. ஆறு வருடமாக இருக்கிறாள். தசமப் புள்ளிக்குப் பிறகு நான்காவது இலக்கம் விடுபட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது, அதனால் அந்தப் பெயர். அவள் எழுதும் தாள்களைச் சட்டம் போட்டு மாட்டலாம். அடித்தல் திருத்தல் இருக்காது. மூன்றாவதாக மாமா இருக்கிறார். யாருக்கும் மாமா இல்லை. இருபது கிலோ இரும்புக் கற்களைத் தூக்கி வைக்கிறவர். படிப்பு இல்லாததால் போட்டியிலும் இல்லை.

எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொள்ளாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. கையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். கேட்ட கேள்விக்குப் பத்து விநாடி கழித்துத்தான் பதில் சொல்வேன். அந்தப் பத்து விநாடியை ஆபீஸில் ஆழம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் மனைவி மட்டும் வேறு மாதிரி சொல்வாள்.

“இவர் பேசலைன்னா எல்லாரும் ஏதோ யோசிக்கிறார்னு நினைக்கிறாங்க. சாப்பாட்டுக்கு என்னன்னு யோசிக்கிறார்னு எனக்குத்தான் தெரியும்.”

மேடத்துக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து, இரண்டு வாரம் வீட்டில் இருந்தார். படுத்துக்கிடந்த அம்மாவுக்குப் பொழுது போகட்டுமென்று மகன் ஃபோனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்திருக்கிறான். திரும்பி வந்த முதல் நாள், மதிய இடைவேளையில், ஃபோனை என் பக்கம் நீட்டினார்.

“நீங்கதான் புத்தகப் புழுவாச்சே. இது என்னன்னு தெரியுதா?”

மஞ்சள் தாள் மாதிரி ஒரு திரை. மையால் வரைந்த கோபுரம். ‘சாம்பல் கோட்டை’ என்று தலைப்பு. ‘நீ கூலிக்கு வாள் ஏந்துபவன். சுரங்க அரசன் திருடிச் சென்ற சாவியை மீட்க வந்திருக்கிறாய். பாலத்தைக் கடப்பதானால் 31க்குச் செல். ஆற்றில் இறங்குவதானால் 88க்குச் செல்.’

பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பத்திகளுக்கு எண் போட்ட சாகசப் புத்தகங்கள். நாமே நாயகன், ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் நாமே முடிவெடுத்து, அந்த எண்ணுக்குத் தாவ வேண்டும். சண்டை வந்தால் பகடை உருட்ட வேண்டும். அதைத்தான் ஃபோனுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

“தெரியும் மேடம். சின்ன வயசுல இந்த மாதிரி பதினெட்டுப் புத்தகம் முடிச்சிருக்கேன்.”

பொய் இல்லை. முடித்தேன். எப்படி முடித்தேன் என்று அவர் கேட்கவில்லை.

இடது கையின் ஐந்து விரல்களையும் ஐந்து பக்கங்களில் செருகி வைத்துக்கொண்டு முடித்தேன். ஒரு வழியில் போய்ச் செத்தால், சுண்டுவிரல் இருக்கும் பக்கத்துக்குத் திரும்பி வேறு வழியில் போவேன். பகடை என்னிடம் இருந்ததே இல்லை. ‘பூதத்தை வென்றால் 214க்குச் செல், தோற்றால் உன் பயணம் இங்கே முடிந்தது’ என்று போட்டிருக்கும். நான் நேராக 214க்குப் போவேன். அந்தப் புத்தகங்களைப் படித்தவர்களில் பூதத்திடம் தோற்ற ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

“அப்ப நீங்கதான் ஆசான்,” என்றார் மேடம். “எல்லாரும் ஏத்துங்க. ‘ஒரே உயிர்’னு ஒரு முறை இருக்கு, அதுல விளையாடணும். செத்தா முதல்லேருந்து. ஒவ்வொரு வீச்சையும் பதிவு பண்ணணும்.” மேசை இழுப்பறையைத் திறந்து நாங்கள் தராசுச் சோதனைக்குப் பயன்படுத்தும் படிவத்தையே எடுத்து மூன்று பேருக்கும் கொடுத்தார். தேதி, பத்தி எண், விழுந்த எண், குறிப்பு. “சும்மா விளையாட்டுக்குத்தான். ஆனா யாரும் பாக்காதப்ப ஒரு ஆள் எப்படின்னு தெரிஞ்சுக்கலாம் இல்லையா.”

அதற்குப் பிறகு அதை விளையாட்டு என்று யாரும் நினைக்கவில்லை.

புள்ளி மறுநாளே தன் படிவத்தைக் கொடுத்துவிட்டாள். பன்னிரண்டாவது பத்தியில் செத்துப்போயிருந்தாள். நான்கு வரி. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

“திரும்ப விளையாடலையாம்மா?” என்றார் மாமா.

“ஒரு தடவை செத்தா போதாதா மாமா? இதெல்லாம் ஒரு வேலையா?”

மாமா விடவில்லை. தினமும் செத்தார். பாலத்தில் விழுந்து, சூப் குடித்து, சிலந்தி கடித்து, ஒருமுறை தன் வாள்மேலேயே தடுக்கி விழுந்து. குறிப்பு என்ற இடத்தில் ஒவ்வொரு வரியிலும் ‘செத்துட்டேன்’ என்று எழுதினார். இரண்டாவது வாரம் படிவம் போதாமல் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார்.

“நேத்து மரியாதையா ஒரு கதவைத் தட்டினேன், தம்பி. ‘உள்ள யாருங்க’ன்னு கேக்கறதுக்குள்ள கதவே கடிச்சிருச்சு. கதவு கடிக்கும்னு நீயாவது சொல்லியிருக்கலாம்ல, பதினெட்டுப் புத்தகம் படிச்சவன்.”

நான் ஆழமாகச் சிரித்தேன். நானும் அந்தக் கதவிடம் மூன்று முறை செத்திருந்தேன்.

ஃபோனில் விரல் செருக இடமில்லை. அதுதான் பிரச்சினை. பகடையை அதுவே உருட்டுகிறது. நான் ஜெயித்தேன் என்று சொன்னால் கேட்பதில்லை. முதல் நான்கு நாளில் பதினோரு முறை இறந்தேன். பாலத்தில் உட்கார்ந்து பாசி வழித்துக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஜந்து, மூன்றே பலம் உள்ளது, அது என்னை இரண்டு முறை கொன்றது. வாழ்நாள் முழுக்கப் பூதங்களை வென்றவன் நான். அவமானமாக இருந்தது. அந்தப் பதினோரு சாவுகளையும் நான் படிவத்தில் ஏற்றவில்லை. பழகும்போது எடுத்த அளவுகளை யாராவது பதிவு செய்வார்களா?

ஐந்தாம் நாள் பஸ்ஸில் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். பகடை உருண்டுகொண்டிருக்கும்போதே விளையாட்டை மூடிவிட்டால், திரும்பத் திறக்கும்போது வீச்சுக்கு முந்தைய இடத்தில் நிற்கிறது. இரண்டு விழப்போகிறது என்று தெரிந்ததும் மூடு. திற. உருட்டு. ஒன்றா? மூடு. திற. ஆறு. இருக்கட்டும்.

இதை ஏமாற்று என்று நான் எண்ணவில்லை. ஆய்வகத்தில் எடை போடும்போது வெளியே லாரி போய்த் தரை அதிர்ந்தால், அந்த அளவை விட்டுவிட்டுத் திரும்ப எடுப்போம். விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. பஸ் குலுங்கிக்கொண்டுதானே இருந்தது. குறைவாக விழுந்ததெல்லாம் அதிர்வில் விழுந்தது.

வீட்டிலும் அதிர்வு இருந்தது. காலையில் தட்டின் முன் உட்கார்ந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

“என்னங்க, ஃபோன் ரிப்பேரா?”

பத்து விநாடி. “இல்ல.”

“அப்புறம் ஏன் அதைத் தட்டித் தட்டி எழுப்புறீங்க? என்னை ஒரு தடவை எழுப்பி ஒரு காப்பி கேட்டிருப்பீங்களா, அதுவும் கிடையாது.” எட்டிப் பார்த்தாள். “இது என்ன, பகடையா? சூதாட்டமா?”

“ஆபீஸ் வேலை.”

“ஆபீஸ் வேலையில இவ்வளவு ஆர்வமா உங்களை நான் பாத்ததே இல்ல,” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதில் இன்னும் பாதி இருந்தது.

மூன்றாவது வாரம் சுரங்க அரசனைக் கொன்று சாவியை மீட்டேன். ஒரே உயிரில். அறுபத்து நான்கு வீச்சுகள். படிவத்தை எடுத்து உட்கார்ந்து, நிலைத்த வீச்சுகள் அத்தனையையும் வரிசையாக ஏற்றினேன். எண்களைக் கூட்டி, வகுத்து, எங்கள் வழக்கப்படி அடியில் சராசரியையும் எழுதினேன். இரண்டு தசம இடத்துக்கு. சரிபார்த்தேன். பொய் எண் ஒன்றுகூட இல்லை. பதினோரு வருடத்தில் ஒரு பொய் அளவு எழுதியவன் இல்லை நான். இப்போதும் மனம் வரவில்லை.

மேடம் படிவத்தை வாங்கி, மேலே எதையும் பார்க்காமல் நேரே அடிக்குப் போனார்.

“சராசரி அஞ்சு புள்ளி ஒண்ணு ஒண்ணு.”

“ஆமா மேடம்.”

“ஆறு முகம் உள்ள பகடை. ஒண்ணுலேருந்து ஆறு. சராசரி மூணரைதானே வரணும்?”

புள்ளி தராசுக் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினாள். மாமா எதற்காகவோ ஒரு கல்லைக் கீழே வைத்தார். நான் பத்து விநாடி எடுத்துக்கொண்டேன். அந்தப் பத்து விநாடியில், உண்மையாகப் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை என்பது எனக்கு முதல்முறையாகப் புரிந்தது. அங்கங்கே ஒரு இரண்டு, ஒரு மூன்று தூவியிருக்கலாம். தோன்றவே இல்லை. திருடிய பொருளுக்கு ரசீது எழுதி, பத்திரமாகக் கோப்பில் வைத்தவன் மாதிரி நின்றேன்.

“பகடையில பிழை இருக்கலாம் மேடம்,” என்றேன்.

“இருக்கலாம்,” என்றார் மேடம். “நாம பிழை கண்டுபிடிக்கிற ஆளுங்கதானே. புள்ளி, அதுல பயிற்சிக் களம்னு ஒண்ணு இருக்கு, எத்தனை தடவை வேணும்னாலும் உருட்டலாம். அறுநூறு வீச்சு எடு. அண்ணன் சரிபார்த்துக் கையொப்பம் போடட்டும். வெள்ளிக்கிழமை நான் பரிந்துரை அனுப்பணும்.”

புதன்கிழமை மதியம் புள்ளி தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பன்னிரண்டு பக்கம். அறுநூறு எண்கள். அடித்தல் இல்லை. கடைசிப் பக்கத்தில் தொகுப்பு: ஒன்று நூறு முறை, இரண்டு நூறு முறை, மூன்று நூறு முறை. ஆறும் நூறு முறை. சராசரி மூன்று புள்ளி ஐந்து பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேர்மையான பகடை எதுவும் இத்தனை நேர்த்தியாக விழாது. ஒன்று தொண்ணூற்று இரண்டு முறை விழும், நான்கு நூற்றுப் பன்னிரண்டு முறை விழும். ஒவ்வொன்றும் சரியாக நூறு என்றால் ஒருத்தி வசதியாக உட்கார்ந்து எழுதியிருக்கிறாள் என்று அர்த்தம்.

அன்று முழுக்க நான் ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலையும் சொல்லவில்லை. கையொப்பம் போட்டால் பகடை சரி என்றாகும். பகடை சரி என்றால் நான் திருடன். போடாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் போனாள், கையெழுத்து எனக்கு. அவளுக்கு ஆறு வருட வேலை. என் மௌனத்துக்கு முதல்முறையாக உள்ளே ஏதோ சரக்கு இருந்தது.

மதியம் மாமா வெளியே போன நேரம் பார்த்துப் புள்ளியிடம் போனேன்.

“ஒவ்வொண்ணும் சரியா நூறு.”

“ஆமாண்ணா. நல்ல பகடை.”

“நல்ல பேனா.”

அவள் முகம் மாறவில்லை. பேனாவை மூடி வைத்தாள். “அறுபது வீச்சு வரைக்கும் உருட்டினேன். கை வலிச்சுது. மிச்சம் எப்படி வரும்னு தெரிஞ்சதுதானே. தெரிஞ்ச விஷயத்துக்கு எதுக்கு ஒரு நாளை வீணாக்கணும்?”

“நூறு நூறுன்னு வராது.”

“அஞ்சு புள்ளி ஒண்ணு மட்டும் வருமா?” என்றாள். “நான் உருட்டாம எழுதினேன். நீங்க உருட்டி உருட்டி எழுதினீங்க. இதுல யாருக்குக் கை அதிகமா வலிச்சிருக்கும்னு பாத்தா உங்களுக்குத்தான். அதுக்காக உங்களைப் பெரிய ஆள்னு சொல்ல முடியாதுல்ல?”

என் பத்து விநாடிக்கு அவள் காத்திருக்கவில்லை.

“இப்படிச் செய்வோம் அண்ணா. நீங்க என் தாள்ல கையொப்பம் போடுங்க. நான் அடியில ஒரு வரி சேர்த்துடுறேன். ‘இந்த முடிவு சோதிக்கப்பட்ட கருவிக்கு மட்டுமே பொருந்தும்.’ நான் உருட்டினது என் ஃபோன்ல. உங்க ஃபோன் பகடை வேற. அதுல பிழை இருக்கலாம், இல்லாம இருக்கலாம். யாருக்குத் தெரியும்?”

எங்கள் ஒவ்வொரு சான்றிதழின் அடியிலும் இருக்கும் வரி அது. பதினோரு வருடமாக நான் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். அது இத்தனை உபயோகமானது என்று தெரியாது. பேனாவை அவளிடமிருந்தே வாங்கி, பன்னிரண்டு பக்கத்திலும் சுருக்கொப்பம் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மேடம் கண்ணாடி போட்டுக்கொண்டு என் படிவத்தையும் அவள் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். அறுவை செய்த காலை ஒரு ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தார். மாமாவின் படிவம் மூன்றாவதாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் ‘செத்துட்டேன்’.

“இவர் பொய்யா விளையாடிட்டு நிஜமா எழுதியிருக்கார்,” என்றார், யாரையும் பார்க்காமல். “இவ விளையாடாமலே அழகா எழுதியிருக்கா. ரெண்டு பேரும் சேர்ந்து அடியில எழுதின ஒரு வரி இருக்கு பாருங்க, இந்த ஆபீஸ்ல இதுவரைக்கும் நடந்த கூட்டு முயற்சியிலேயே அதுதான் உருப்படி.”

“மேடம்,” என்றாள் புள்ளி.

“நீ இரும்மா. நான் இந்த வேலையில முப்பத்தொரு வருஷம். சரியா நூறு விழுந்தா எனக்குத் தெரியாதா?”

நான் என் செருப்பைப் பார்த்தேன். புள்ளி என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன் என்று நினைத்திருப்பாள். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குறைந்தபட்சம் சொன்ன பெயராவது கிடைத்திருக்கும்.

“மாமாவுக்குப் போட முடிஞ்சா மாமாவுக்கே போட்டிருப்பேன்.”

“எனக்கு வேணாம் மேடம்,” என்றார் மாமா அவசரமாக. “நான் இன்னும் அந்தக் கதவைத் தாண்டல.”

மேடம் பரிந்துரைக் கடிதத்தை இழுத்து, பேனாவைத் திறந்தார். என் பெயரை எழுதினார்.

“எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?” என்றார்.

நான் கடிதத்தில் இருந்த என் பெயரைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

“உங்களுக்குத் திருடத் தெரியல. அதான். திருடிட்டு வந்து ரெண்டு தசமத்துக்குக் கூட்டி வகுத்து நீங்களே கொண்டுவந்து கொடுக்கிறீங்க. இவளுக்குக் கொஞ்சம் நாள் போனா நூறுக்குப் பதிலா தொண்ணூத்தி எட்டு, நூத்தி மூணுன்னு எழுதக் கத்துக்குவா. அதுக்கப்புறம் ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாது. நீங்க எத்தனை வருஷமானாலும் கத்துக்க மாட்டீங்க. தலைமையகத்துல இருந்துகிட்டே உங்களைப் பிடிச்சுருவேன்.”

இது பாராட்டா என்று தெரியவில்லை. பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையசைத்தேன். ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது.

“நீங்க முடிச்சுட்டீங்களா மேடம்? கோட்டையை?”

“எப்பவோ. ‘கதை மட்டும்’னு ஒரு முறை இருக்கு, பாக்கலையா? சண்டையெல்லாம் அதுவே ஜெயிச்சுக்கும். எனக்கு இருக்கிற முட்டி வலியில யார் சண்டை போடுறது?”

வீட்டில் செய்தியைச் சொன்னேன். மனைவி சந்தோஷப்பட்டாள். உண்மையாகவே பட்டாள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“எதுக்காகக் கொடுத்தாங்களாம்? பதினோரு வருஷத்துக்கா?”

பத்து விநாடி, இருபது விநாடி, அதற்கும் மேல். “நேர்மைக்கு,” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். “சரி,” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். அதற்குமேல் துருவவில்லை. துருவியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாதம் பிறந்தது. மேடம் போய்விட்டார். முதல் நாள், ஒரு மருத்துவமனையின் மருந்துத் தராசுக்கான தாளைப் புள்ளி கொண்டுவந்தாள். இருபது அளவுகள். இருபதும் நான்காம் இலக்கம்வரை ஒன்றே. முத்து முத்தான எழுத்து. கீழே எனக்கான கோடு காலியாக இருந்தது.

நான் தாளைப் பார்த்தேன். பேனாவைத் திறந்தேன். மூடினேன். நல்ல தராசு அப்படிக் காட்டலாம். காட்டாமலும் இருக்கலாம்.

“மாமா,” என்று கூப்பிட்டேன், “அந்தத் தராசைக் கொஞ்சம் இங்க கொண்டு வாங்க.”

இடுக்கியை எடுத்து நானே எடை போட்டேன். இருபது முறை. வைத்து, கதவைச் சாத்தி, காத்திருந்து, எழுதி. முக்கால் மணி நேரம் ஆயிற்று. புள்ளி பக்கத்தில் கைகட்டி நின்றாள். இருபதும் ஒன்றே. அவள் எழுதியதில் ஒரு இலக்கம்கூட மாறவில்லை. உண்மையாகவே எடை போட்டுத்தான் எழுதியிருந்தாள்.

கையெழுத்துப் போட்டேன். பதினோரு வருடமாக மனதுக்குள் பழகி வைத்திருந்த கையெழுத்து. கொஞ்சம் கோணலாக வந்தது.

அலமாரிப் பக்கம் சோதனைக்கு வந்த தராசுகள் வரிசையாக இருந்தன. நாற்பத்தொன்று.

“அடுத்ததை நான் எடை போட்டு எழுதிக் கொண்டு வரட்டுமா சார்,” என்றாள் புள்ளி. நேற்றுவரை அண்ணா என்று கூப்பிட்டவள். “இல்ல, அதையும் நீங்களே போட்டுக்கிறீங்களா?”

பத்து விநாடிகூட ஆகவில்லை.

“நானே போட்டுக்கிறேன்,” என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள்.